பீச்சாங்கை சர்வும் கிழக்குச் சுவரும்: நடால் ஆட்டம் பற்றி ஒரு பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணாச்சி, என் மகளுக்கு 11 வயது. ஒரு வருஷமாக டென்னிஸ் பழகுகிறாள். பீச்சாங்கைக்காரி. அவளுடைய ஆச்சி, 'பொட்டப்பிள்ளை பீச்சாங்கையில ஆடுதாளே, இப்பவே மாத்தி விட்டிருங்க' என்று தினமும் பிடித்துக்கொள்கிறார்கள். கோச் என்னவென்றால், 'நடால் சோத்தாங்கைக்காரர், டென்னிஸுக்காகவே இடதுகைக்கு மாறினவர். உங்கள் மகளுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது, மாற்றவே கூடாது' என்கிறார். நடாலின் ஆட்டத்தில் அந்த இடதுகைக்கு உண்மையிலேயே என்ன பங்கு? அதிலிருந்து என் மகள் எதை எடுத்துக்கொள்ளலாம்?"

நல்ல கேள்வி. நடாலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது, சாயங்காலம் ஆடப் போன க்ளப்பில் ஒரே ஒரு செம்மண் கோர்ட் இருந்தது. மத்தியானம் மார்க்கர் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பார். பெரும்பாலான டென்னிஸ் கோர்ட்டுகளைப் போல வடக்கு தெற்காகக் கட்டியது. ஆனால் இடம் போதாமல், கிழக்குக் கோட்டிலிருந்து ஐந்தாறு அடியிலேயே காம்பவுண்டுச் சுவர் வந்துவிடும். அங்கே ஆட வரும் ஒரு ஓவர்சியர் அண்ணாச்சி இடதுகைக்காரர். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி வேறு. ஓட மாட்டார். பெரும்பாலும் பின்னங்கோட்டில் நின்ற இடத்தில் நின்றே ஆடுவார். நான் இருபத்து நான்கு வயது, கல்லூரியில் ஆடிவிட்டு வந்த மிதப்பு. முதல் நாளே 6-2 என்று என்னை முடித்து அனுப்பினார்.

எப்படி? அவர் தெற்கே நின்று சர்வ் போடுகிறார், நான் வடக்கே நின்று வாங்குகிறேன். என் இடது கைப் பக்கம் கிழக்கு, அதாவது சுவர். அவர் பந்தின் பக்கவாட்டைச் சீவிப் போடுவார். வேகமே இருக்காது. கட்டத்தில் விழுந்ததும் பந்து என்னை விட்டு விலகி விலகிச் சுவரைப் பார்த்து ஓடும். நான் பேக்ஹேண்டை, அதாவது புறங்கை அடியை, நீட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடித் தோளைச் சுவரில் உரசுவேன். எப்படியோ திருப்பி அனுப்பினாலும் கோர்ட் முழுக்கக் காலியாகக் கிடக்கும். அவர் இரண்டு எட்டு முன்னால் வந்து, காலியான மேற்குப் பக்கம் மெதுவாகத் தட்டி வைப்பார். ஆனி ஆடியில் இன்னும் மோசம். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேல்காற்று இறங்கி நம் சீமையைப் புரட்டுமே, அது மேற்கிலிருந்து கிழக்கே வீசி அவர் பந்தை இன்னும் ஒரு முழம் சுவர்ப் பக்கம் தள்ளிவிடும். எனக்குத் தெரிந்து அந்தச் சுவரில் வெள்ளையடித்தது நிலைத்ததே இல்லை. எங்கள் சட்டைதான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அந்த சர்வ்தான் இடதுகை டென்னிஸின் முதல் பாடம். அது ஏன் அவ்வளவு விலை போகிறது என்றால், காரணம் கணக்கு எண்ணும் முறையில் இருக்கிறது. ஒரு கேமில் முதல் பாயின்ட் வலப் பக்கமிருந்து, அடுத்தது இடப் பக்கமிருந்து என்று மாறி மாறிப் போடுவோம். 40-30, 30-40, டியூஸுக்குப் (40-40) பிறகு வரும் அட்வான்டேஜ் எல்லாம் இடப் பக்கத்தில்தான், அதாவது அட் பக்கத்தில்தான் ஆடப்படும். கேமை முடிக்கிற பாயின்ட்டும், கேமைப் பறிக்கிற பாயின்ட்டும் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன. 40-15, 15-40 மாதிரி சிலதான் வலப் பக்கம். இடதுகைக்காரரின் சீவல் சர்வ் வலதுகைக்காரரின் பேக்ஹேண்டை வெளியே இழுப்பதும் இதே அட் பக்கத்தில். வலதுகைக்காரருக்கும் அதே சீவல் சர்வ் உண்டு. ஆனால் அது வெளியே விலகி ஓடுவது வலப் பக்கத்தில், அதாவது டியூஸ் பக்கத்தில். அங்கே 0-0, 15-15, டியூஸ் என்று மூச்சு வாங்க இடமுள்ள பாயின்ட்டுகள்தான் அதிகம். பரீட்சையில் தெரிந்த கேள்வி ஐந்து மார்க் பகுதியில் வருவதற்கும் இருபது மார்க் பகுதியில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இதைத் தவிர இடதுகைக்குக் கோணத்தில் பெரிய லாபம் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். அதை நான் அப்படியே ஏற்பதில்லை. இடதுகைக்காரர் குறுக்கே அடிக்கும் ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கைப் பக்கத்து அடி, வலதுகைக்காரரின் பேக்ஹேண்டுக்குப் போகிறது, சரி. அதே போல வலதுகைக்காரர் எதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும் ஃபோர்ஹேண்டும் இடதுகைக்காரரின் பேக்ஹேண்டுக்குத்தானே போகிறது? கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் யாருக்கு லாபம்? பழகினவருக்கு. உலகத்தில் பத்துப் பேருக்கு ஒருவர்தான் இடதுகைக்காரர். உங்கள் மகள் வாரம் ஏழு நாளும் வலதுகைப் பிள்ளைகளோடுதான் ஆடுவாள். அந்தப் பிள்ளைகள் உங்கள் மகளோடு எப்போதாவது ஒரு நாள்தான் ஆடுவார்கள். பந்து எந்தப் பக்கம் வளையும், எங்கே எழும்பும் என்று கால் யோசிக்காமல் நகர்கிறதே, அந்தப் பழக்கம் அவளுக்கு இருக்கும், எதிராளிக்கு இருக்காது. கிரிக்கெட்டில் இடதுகை வேகப்பந்துக்காரர் ஒருவரை எல்லா அணியும் தேடுவது எதற்கு? அதே கதைதான்.

இப்போது நடால்.

ஸ்பெயினின் மயோர்கா தீவில் மனக்கோர் என்ற ஊரில் 1986-ல் பிறந்தவர். எழுதுவது, சாப்பிடுவது, கோல்ஃப் ஆடுவது எல்லாம் வலதுகையில். டென்னிஸ் மட்டும் இடதுகை. சித்தப்பா டோனிதான் பயிற்சியாளர். சின்ன வயதில் இரண்டு பக்கமும் இரண்டு கையாலும் பிடித்து அடித்துக்கொண்டிருந்த பையன். பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் ஃபோர்ஹேண்டை இரண்டு கையால் அடிப்பதில்லை, ஒரு கையை விடு என்று சித்தப்பா சொன்னபோது, நின்றது இடதுகை. 'டென்னிஸுக்காகவே திட்டம் போட்டு மாறினவர்' என்று உங்கள் கோச் சொல்லும் கதை ஊரெல்லாம் உலவுவதுதான். டோனியே அதை மறுத்திருக்கிறார். பையன் அந்தப் பக்கம்தான் பலமாக அடித்தான் என்பதுதான் அவர் கணக்கு. ஆக, 'மாறினவர்' என்பதைவிட 'எது நன்றாக வந்ததோ அதில் நின்றவர்' என்று சொல்வதுதான் பொருத்தம். அந்த வித்தியாசம் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு முக்கியம். அப்புறம் வருகிறேன்.

நடால் ஆட்டத்தின் உயிர் அவருடைய ஃபோர்ஹேண்ட். மற்றவர்கள் அடித்து முடிக்கும்போது ராக்கெட் எதிர்த் தோளுக்கு மேல் போய் நிற்கும். நடாலுக்கு அது பல நேரம் இடது காதுக்கு மேலேயே சுழன்று பின்னால் போகும். வயலில் கிளி விரட்டுகிறவர் கவணைத் தலைக்கு மேல் சுற்றுவது போல. பந்துக்குக் கீழேயிருந்து செங்குத்தாக உரசிக்கொண்டு ராக்கெட் மேலே ஏறுவதால் பந்து பம்பரமாகச் சுழலும். ஜான் யாண்டெல் என்பவர் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து எண்ணிப் பார்த்தார். முந்தின தலைமுறையான சாம்ப்ராஸ், அகாசி காலத்து ஃபோர்ஹேண்ட் நிமிஷத்துக்கு 1,800 சுற்று அளவில் சுழன்றது. ஃபெடரருடையது 2,700 அளவில். நடாலுடையது சராசரி 3,200, சில பந்துகள் 4,900 வரைக்கும் போயிருக்கின்றன.

இப்படி முன்பக்கமாகச் சுழலும் பந்து (டாப்ஸ்பின் என்பது இதைத்தான்) காற்றில் கீழ்நோக்கி வளையும். அதனால் நெட்டுக்கு மேலே நிறைய இடம் விட்டு அடித்தாலும் கோட்டுக்குள் வந்து விழுந்துவிடும், தப்பு குறையும். விழுந்த பிறகுதான் விஷயமே. பந்து தரையைக் கவ்வி மேலே துள்ளும். நம் இடுப்பளவுக்கு வர வேண்டிய பந்து தோள் அளவுக்கு வரும். அந்தத் தோள் உயரப் பந்தை எங்கே அனுப்பினார் என்பதில்தான் இடதுகை வேலை செய்தது. குறுக்கே, வலதுகைக்காரரின் பேக்ஹேண்டுக்கு. குறுக்கே அடிப்பது எப்போதும் பத்திரமான அடி. நெட் நடுவில் 3 அடி உயரம், ஓரக் கம்பத்தில் 3.5 அடி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தால் நேர்க்கோட்டைவிட நாலரை அடி நீளம் கூடுதல். வலதுகைக்காரர் ஒருவர் இன்னொரு வலதுகைக்காரரின் பேக்ஹேண்டைத் தன் ஃபோர்ஹேண்டால் தாக்க வேண்டுமானால், பாதிக் கோர்ட்டைக் காலியாக விட்டுவிட்டுச் சுற்றி ஓட வேண்டும், இல்லையென்றால் கோட்டையொட்டி நேராக அடிக்க வேண்டும். நடாலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தனக்கு மிகப் பத்திரமான அடியே எதிராளிக்கு மிகச் சங்கடமான இடத்துக்குப் போனது. நாள் முழுக்க அதையே அடிக்கலாம். அடித்தார்.

அதில் அதிகம் அகப்பட்டவர் ஃபெடரர். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பார்க்க அழகு. ஆனால் தோள் உயரத்தில் வரும் பந்தை ஒற்றைக் கையால் அடிப்பது, பரணில் இருக்கும் பித்தளைக் குடத்தை ஒரு கையால் இறக்குகிற மாதிரி. முடியும், பலம் இருக்காது. பாரீஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் செம்மண்ணில் 2005, 2006, 2007, 2008, 2011, 2019 என்று ஆறு முறை மோதினார்கள். ஆறிலும் நடால். 2008 இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் 6-1, 6-3, 6-0. அதே வருஷம் விம்பிள்டன் புல்தரையிலும் 4 மணி 48 நிமிஷம் ஆடி, ஐந்தாவது செட்டில் 9-7 என்று ஜெயித்தார். எனக்கு அந்த ஆட்டத்தைவிட பாரீஸ் ஆட்டத்தில்தான் பாடம் அதிகம் தெரிகிறது. விம்பிள்டனில் இரண்டு பேரும் உயரத்தில் இருந்தார்கள். பாரீஸில் ஒரே பூட்டை ஒரே சாவி திரும்பத் திரும்பத் திறந்தது.

செம்மண் என்றதும் நம் தேரிக்காட்டுச் செம்மணலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாரீஸில் அந்தப் போட்டி நடக்கும் ரோலண் கரோஸில் மேலே தெரியும் சிவப்பு, செங்கல்லைப் பொடித்துத் தூவிய மெல்லிய பூச்சுதான். அடியில் சுண்ணாம்புக்கல். வெயிலில் காய்ந்தால் பந்து துள்ளும், ஈரமானால் அடங்கும். நம் ஊர்க் கோர்ட்டிலும் இதைக் காணலாம். மார்க்கர் தண்ணீர் தெளித்த கையோடு ஆடினால் டாப்ஸ்பின் இடுப்போடு நின்றுவிடும். நடாலுக்குப் பிடித்தது காய்ந்த வெயில் மதியம். இருந்தாலும் 2020-ல் போட்டியை அக்டோபர் குளிரில் வைத்தபோது, துள்ளல் இருக்காது, இந்த முறை அவர் அவ்வளவுதான் என்று நாங்கள் நாலு பேர் திண்ணையில் தீர்ப்பு எழுதினோம். இறுதியில் செர்பியாவின் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று அனுப்பினார். பாரீஸில் மொத்தம் 14 பட்டம், 116 ஆட்டத்தில் 4 தோல்வி. வெறும் இடதுகையால் மட்டும் இந்த எண்ணிக்கை வந்துவிடாது.

இனி அவ்வளவாக யாரும் பேசாத ஒரு விஷயம். நடாலின் இன்னொரு பலம் இரண்டு கை பேக்ஹேண்ட். இரண்டு கையால் அடிக்கும்போது வேலை செய்வது மேலே பிடித்திருக்கும் கை. வலதுகைக்காரருக்கு அது இடதுகை. இடதுகை ஆட்டக்காரருக்கு அது வலதுகை. நடாலுக்கு அதுதான் பிறவிப் பலமுள்ள கை! அதனால்தான் கோர்ட்டின் வலது மூலைக்கு விரட்டியடித்தாலும், ஓடிக்கொண்டே குறுக்கே சாட்டை மாதிரி ஒரு பேக்ஹேண்ட் அடித்துவிடுவார். இரண்டு பக்கமும் இரண்டு நல்ல கை. அவருக்குக் கிடைத்த உண்மையான வரம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த வரத்துக்கு விலையும் இருந்தது. சர்வ் என்பது கல்லெறிவது போன்ற வேலை, பிறவிக் கைதான் அதற்கு ஒத்துவரும். நடாலின் சர்வ் பல வருஷம் சுமார்தான். சுழற்சி போட்டு எதிராளியின் பேக்ஹேண்டுக்கு அனுப்பி, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. 2010-ல் அமெரிக்க ஓபனுக்கு முன்னால் பிடியைக் கொஞ்சம் மாற்றினார். அங்கே மணிக்கு 217 கிலோமீட்டர் வரை போட்டார், அந்தப் பட்டத்தையும் முதல் தடவையாக எடுத்தார். ஓவர்சியர் அண்ணாச்சி நேர் எதிர். அவரிடம் சர்வைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

சரி, இந்த ஆட்டத்தை உடைத்தவர்கள் எப்படி உடைத்தார்கள்? முதலில் 2009 பாரீஸில் ஸ்வீடனின் சோடர்லிங். 1.93 மீட்டர் உயரம், இரண்டு கை பேக்ஹேண்ட். மற்றவர்களுக்குத் தோளில் வருகிற பந்து அவருக்கு நெஞ்சில் வந்தது. தட்டையாக அறைந்தார். அப்புறம் ஜோகோவிச். 2011-ல் மட்டும் ஆறு இறுதி ஆட்டங்களில் நடாலைத் தோற்கடித்தார். அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் பூட்டே கிடையாது. எவ்வளவு உயரத்தில் வந்தாலும் இரண்டு கையால் அமுக்கி, கோட்டையொட்டி நேராகத் திருப்பிவிடுவார். கடைசிக் கணக்கு ஜோகோவிச் 31, நடால் 29. ஃபெடரரும் 2017-ல் விடை கண்டுபிடித்தார். பெரிய தலையுள்ள ராக்கெட்டுக்கு ஏற்கெனவே மாறியிருந்தார். பந்து தோளுக்கு ஏறும் முன்பே, எழும்பும்போதே முன்னால் போய் பேக்ஹேண்டால் அடித்தார். அந்த வருஷம் நாலு முறை மோதி நாலிலும் ஜெயித்தார். பதின்மூன்று வருஷம் பழகின பிறகு! எதிராளிக்குப் பழக்கம் இல்லாததுதான் இடதுகையின் மூலதனம் என்று மேலே சொன்னேனே, அது கரைவதற்கு ஃபெடரருக்கே அவ்வளவு நாள் பிடித்தது.

நடாலை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை. 2008 ஜனவரியில் சென்னை ஓபன். சனிக்கிழமை சாயங்காலம் நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். அரையிறுதி அன்று ராத்திரி, இறுதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழும்பூரில் இறங்கிப் பேப்பரைப் பார்த்தால், அவர் தன் தீவுக்காரர் கார்லோஸ் மோயாவோடு மூன்றே செட் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடியிருக்கிறார். 6-7, 7-6, 7-6. நண்பர் 'அடடா, அதைப் பார்த்திருக்கணும்வே' என்றார். அன்று சாயங்காலம் நுங்கம்பாக்கத்தில் நாங்கள் பார்த்தது மிகாயில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்ற நடாலை. யூஷ்னியும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர்தான். முதல் நாள் ஆட்டத்தில் கால் செத்துப் போயிருந்ததால், பந்துக்கு அடியில் போய் மேலே உரசி எடுக்க நடாலால் முடியவில்லை. பந்து துள்ளவில்லை. யூஷ்னி இடுப்பு உயரத்தில் வாங்கி வாங்கி அடித்தார். டிக்கெட் காசுக்கு அழுதாலும், அந்த ஒரு சாயங்காலத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த ஃபோர்ஹேண்டைக் கை அடிக்கவில்லை, கால்தான் அடிக்கிறது. கால் போனால் இடதுகை சும்மா ஒரு கை. பிற்காலத்தில் முழங்காலும் பாதமும் அவரை எவ்வளவு படுத்தின என்பது தெரிந்ததுதான்.

மற்ற இடதுகைக்காரர்கள் எல்லோரும் இப்படி ஆடியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்கன்ரோ கிட்டத்தட்ட முதுகைக் காட்டி நின்று சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடி வருவார். நவ்ரத்திலோவா ஒன்பது முறை விம்பிள்டன் ஜெயித்ததும் சர்வும் வாலியுமாகத்தான் (வாலி என்பது பந்து தரையில் விழும் முன்பே அடிப்பது). இவானிசெவிச் 2001-ல் 125-ஆம் இடத்திலிருந்து வந்து விம்பிள்டனைத் தூக்கியது ஏஸ்களால், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வுகளால். நம் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் இடதுகைதான். முழங்கால் காயத்தால் வருஷக்கணக்கில் ஆட முடியாமல் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து, 2019-ல் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடம் வரை போனார். நடால் மாதிரி வானத்துக்கு ஏற்றுகிற ஃபோர்ஹேண்ட் இல்லை அவருக்கு. தட்டையாக, கனமாக விழும். டபுள்ஸில் ஜீவன் நெடுஞ்செழியன் இருக்கிறார், அவரும் சென்னை, அவரும் இடதுகை. உங்கள் மகளுக்கு நடாலைவிட இவர்கள் ஆட்டத்தை முதலில் காட்டுங்கள் என்பேன். நடால் ஆட்டத்தைப் பார்த்தால் பிள்ளைகள் தலைக்கு மேல் ராக்கெட்டைச் சுற்றுவதை மட்டும் பிடித்துக்கொள்கின்றன.

இனி ஆச்சி விஷயம். ஆச்சி சொல்கிறபடி கையை மாற்றினால் பிள்ளையின் டென்னிஸே பாழாகிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் பிறவி இடதுகைக்காரர். அவர் அப்பா வலதுகையில் ஆடப் பழக்கினார். அவருடைய பேக்ஹேண்ட் டென்னிஸ் கண்ட மிகச் சிறந்த பேக்ஹேண்டுகளில் ஒன்று. 24 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்கிய மார்கரெட் கோர்ட்டும் பிறவி இடதுகைதான், ஆடியது வலதுகையில். எதிர்ப் பக்கமாகப் பார்த்தால் ஜெர்மனியின் கெர்பர், நடால் மாதிரியே, வலதுகைக்காரர், ஆடியது இடதுகையில். ஆக எப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் மகள் ஒரு வருஷமாக இடதுகையில் ஆடிப் பழகிவிட்டாள், அந்தக் கையில் நன்றாகவும் வருகிறது. அதை மாற்ற ஒரு காரணம் வேண்டாமா? ஊர் என்ன சொல்லும் என்பது டென்னிஸ் காரணம் இல்லை. ஆச்சியிடம், நடால் சாப்பிடுவது சோத்தாங்கையில்தான் என்று சொல்லுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். சோறும் திருநீறும் ஆச்சி சொல்கிற கையில், ராக்கெட் பிள்ளை சொல்கிற கையில்.

பிள்ளை என்ன பழக வேண்டும் என்றால், முதலில் அட் பக்கத்துச் சீவல் சர்வ். வேகம் வேண்டாம். கட்டத்தின் வெளிக்கோட்டு ஓரம் ஒரு காலிப் பந்து டப்பாவை வைத்துத் தினம் முப்பது பந்து போடச் சொல்லுங்கள். ஓவர்சியர் அண்ணாச்சி அப்படித்தான் பழகினாராம், அவர் வைத்தது ஓவல்டின் டப்பா. அதைப் போட்ட பிறகு அடுத்த பந்து எங்கே வரும் என்று எதிர்பார்த்து ஓர் எட்டு முன்னால் வைக்கவும் பழக வேண்டும், சர்வ் பாதி வேலைதான். ஆனால் எல்லா சர்வையும் வெளியே போடக் கூடாது. எதிராளி முன்கூட்டியே நகர்ந்து நின்றுகொள்வாள். நாலில் ஒன்று நடுக்கோட்டுக்கு.

அப்புறம் அவளுடைய பேக்ஹேண்ட். இரண்டு கையால் பிடிக்கிறாள் என்றால், மேலே இருக்கும் வலதுகைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். ராக்கெட்டின் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொண்டு வலதுகை மட்டும் வைத்துச் சுவரில் மெதுவாகத் தட்டட்டும். நடாலுக்குத் தானாக இருந்தது, இவள் சம்பாதிக்க வேண்டும். உங்கள் மகளைத் தாக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த மூலைக்குத்தான் அடிப்பார்கள்.

டாப்ஸ்பின் பழகட்டும், ஆனால் நடால் போட்ட மாதிரி விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு 11 வயதுக் கைக்கு வேண்டாம். முழங்கைக்கும் தோளுக்கும் ஆகாது. மென்மையான சாதாரண நரம்பே போதும். ராக்கெட்டில் இடதுகை வலதுகை என்று கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது கூடுதல் காசு கேட்டால் கடையை மாற்றுங்கள். கைப்பிடியில் மேலே சுற்றும் டேப்பை மட்டும் இடதுகைக்காரருக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். கடைக்காரர் பழக்கத்தில் வலதுகைக்காரருக்குச் சுற்றிக் கொடுத்துவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு குறை உண்டு. இன்னொரு இடதுகைக்காரி எதிரே வந்தால் உங்கள் மகளும் தடுமாறுவாள். அவளுக்கும் அது பழக்கமில்லாத ஆட்டம்தானே. நடாலே 2017-ல் இரண்டு முறை அப்படித் தடுக்கினார். விம்பிள்டனில் ஜில் முல்லரிடம் ஐந்தாவது செட் 15-13 வரை இழுத்துத் தோற்றார். அடுத்த மாதம் மான்ட்ரியாலில் 18 வயது ஷப்போவலோவிடம். இரண்டு பேரும் இடதுகை. அதனால் தூத்துக்குடியோ நாகர்கோவிலோ, எங்கே ஓர் இடதுகைப் பிள்ளை ஆடினாலும் தேடிப் பிடித்து, மாதம் ஒரு தடவையாவது சேர்ந்து ஆடவிடுங்கள்.

எங்கள் க்ளப்புக்கு ஒரு தடவை கோவில்பட்டியிலிருந்து ஓர் இடதுகைக்காரர் ஆட வந்தார். ஆடி மாதம், நல்ல காற்று. ஓவர்சியர் அண்ணாச்சி வடக்கு முனையில் நின்று வாங்கினார். இடதுகைக்காரர் ஆயிற்றே, சுவர்ப் பக்கம் விலகி ஓடுகிற பந்து அவருக்கு ஃபோர்ஹேண்டில்தான் வரும், நோகாமல் அடித்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நாள் வலதுகைக்காரர்களின் பந்தையே வாங்கிய கால், பந்து எதிர்ப் பக்கம் வளைந்ததும் முதலில் நின்ற இடத்திலேயே சிக்கி, பிறகு சுவர் வரை ஓட வேண்டியதாயிற்று. மூன்றாவது கேம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவர், சட்டைத் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஆயுதத்தை நம்ம மேலேயே ஏவுதான்வே!"